பெட்டி இரண்டு, செவி இரண்டு

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறது என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. நிலவுக் காலத்து இரவிலே கல்லடிப் பாலத்தருகில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருள் அமிழ்த்தி மறு நுனியைக் காதோடு பொருத்திக்கொண்டால், நரம்பைத் தடவினாற்போன்ற இன்னொலியைக் கேட்கலாம் என்பர். 1848ஆம் ஆண்டில் அங்கே சென்ற எமேர்சன் ரெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி, தோணியின் மரத்திலே செவியை வைத்தபோது அவ்வொலி மிகுந்து கேட்டதாகத் தமது நூலில் எழுதியிருக்கிறார். 1960களில் லாங் என்னும் கத்தோலிக்க அடிகளாரின் துணையோடு இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியது. பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு ஒருபுறம் கிடக்கட்டும். அந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று துடுப்பைப் பிடித்திருப்பவரைக் கேட்டால் அவரால் விடை கூற இயலாது. ஒலி நன்றாகத்தான் கேட்கிறது. ஆனால் இடம் தெரியவில்லை. ஒரு காதினாலே கேட்கிறார் அன்றோ? நீருள் மூழ்கி இரு காதாலும் கேட்டாலும் பயன் அதிகமில்லை. காற்றில் செல்வதைப்போல நான்கு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் நீரில் ஒலி செல்வதால், இரு காதுகளையும் அஃது ஏறக்குறைய ஒரே கணத்தில் வந்து தாக்கிவிடுகிறது.

அந்த வாவிக்கு மேற்கே கிடப்பது படுவான்கரை. செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருவீதியில், வயலும் காடும் சந்திக்கும் இடத்தில் அமைந்த ஊர் கரடியனாறு. வேளாண்மை விளைந்து நிற்கும் நாள்களில் அங்கே இரவுக் காவல் உண்டு. காவற்பரணில் இருப்பவர் இருளில் ஒன்றையும் காண்பதில்லை. ஆயினும் கதிர் சரசரத்த மாத்திரத்தில், யானை எந்த வரம்பின் பக்கம் நிற்கிறது என்று கையை நீட்டிக் காட்டிவிடுவார். அவர் கணக்குப் பார்ப்பதில்லை. அவருடைய செவிகள் பார்க்கின்றன. வலப்புறத்தில் எழுந்த ஒலி வலக்காதுக்கு முன்னும் இடக்காதுக்குச் சற்றுப் பின்னும் வந்து சேரும். அந்த வேறுபாடு, மிகப் பெரிதாக இருக்கும்போதும், ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்கும் குறைவே. மெல்லிய கீச்சொலியாயின், தலையே ஒரு மறைப்பாக நின்று தொலைவுக் காதுக்கு அதன் வலிமையைக் குறைத்துவிடும். இந்த இரண்டு குறிப்புகளையும் கொண்டே மனிதன் திசையறிகிறான் என்பதை இங்கிலாந்தின் றாலே பிரபு 1907ஆம் ஆண்டில் விளக்கினார்.

வீட்டில் வைக்கும் ஸ்டீரியோ என்னும் கருவி, பரணிலிருப்பவரை ஏமாற்றாத அதே செவிகளை, இனிய முறையில் ஏமாற்றுவதற்காகவே செய்யப்பட்டது. 1881ஆம் ஆண்டில் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியிலே, இசை நாடக அரங்கின் பாட்டைத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கொணர்ந்து, இரு காதுக்கும் இரு கருவிகளைப் பொருத்திக் கேட்கச் செய்தார் கிளெமான் அடேர். ஐம்பது ஆண்டு கழிந்து, 1931இல், அலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் இதனை முறையான கலையாக்கி உரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தார். திரைப்படம் பார்க்கச் சென்றபோது நடிகர் திரையின் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறெங்கோ இருந்து வந்தமை அவருக்குப் பொறுக்கவில்லையாம். அவர் 1942இல், போர்க்காலக் கருவியொன்றைச் சோதிக்கச் சென்ற விமானம் விழுந்து இறந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டு வீடுகளுக்குப் பரவலாக வந்ததோ 1958க்குப் பிறகுதான்.

அந்தக் கருவி கரடியனாற்றுப் பக்கத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்த கதை வேறு. மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குச் சென்றோர், பெரும்பாலும் பெண்கள், ஊர் திரும்பும்போது கொணர்ந்த பொருள்களில் இரட்டை ஒலிபெருக்கி கொண்ட செற்றும் ஒன்று. அத்துணை உழைப்பின் விலையான பொருளுக்கு வீட்டில் உயர்ந்த இடம் தருவது இயல்பே. கூடத்துக் கண்ணாடி அலுமாரியில், கோப்பைகளுக்கும் புகைப்படங்களுக்கும் நடுவே அதனை வைக்கிறார்கள். இரு பெட்டிகளும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அல்லது ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். இடம் போதாவிடின் ஒன்று அலுமாரிக்குள்ளும் மற்றது அலுமாரியின் உச்சியிலும் இருக்கும். பார்வைக்குக் குறையொன்றுமில்லை. செவிக்கோ, இரண்டு பெட்டிக்கு விலை கொடுத்து ஒரு பெட்டியின் பயனைப் பெற்றதாக முடிகிறது. இதனைத் திருத்த ஒரு சதமும் செலவில்லை. இருந்தும், புதிய செற் வாங்க எண்ணுபவர் பலர். இருக்கும் செற்றை இடம் மாற்றி வைத்துப் பார்ப்பவர் சிலர்.

வேண்டியது ஆறடி நீளமுள்ள ஒரு கயிறு. இரு பெட்டிகளுக்கும் இடையே அந்தக் கயிற்றின் அளவு இடைவெளி விடவேண்டும். பின்னர் அதே கயிற்றை ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் முன்னோக்கிப் பிடித்து, இரு நுனிகளும் சந்திக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்பவரின் தலை இருக்கவேண்டிய இடம் அதுவே. மூன்று பக்கமும் ஒத்த முக்கோணம் என்று பள்ளிக்கூடத்திற் படித்தது இங்கே பயன்படுகிறது. பெட்டிகளின் முகங்களைச் சிறிது உள்நோக்கித் திருப்பிவிட்டால் போதும். இவ்வாறு அமர்ந்து கேட்டால், பாடகர் பெட்டிக்குள் இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவிலே, ஒன்றுமில்லாத வெறுவெளியிலே வந்து நிற்கிறார். வயலின் சற்று இடத்தே, மிருதங்கம் சற்று வலத்தே எனப் பதிவு செய்தவர் வைத்த இடங்களில் ஏனையோரும் அமர்ந்துகொள்வர்.

அளவு பிசகினால் என்ன ஆகும்? கேட்பவர் ஒரு பெட்டிக்கு ஓரடி அணுகி அமர்ந்தாரென்று கொள்க. கரடியனாற்று வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் செல்லும். ஓரடியைக் கடக்க அதற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகூட வேண்டியதில்லை. அந்தச் சிறு முந்துதலே போதும்: நடுவில் நின்ற பாடகர் அணுக்கப் பெட்டிக்குள் ஓடிப் புகுந்துவிடுவார். முந்தி வந்த ஒலியையே செவி நம்பும் என்பது பரணிலிருப்பவரைக் காக்கும் குணம். கூடத்தில் அமர்ந்திருப்பவருக்கு அதுவே குழப்பம்.

அடுத்த பகைவன் மூலை. அறையின் மூலையில் வைத்தால் சத்தம் பெரிதாகிறது என்று கண்டவர்கள், அதனை இலாபமாகக் கருதி அங்கேயே விட்டுவிடுகின்றனர். பெரிதாவது உண்மையே, ஆனால் எல்லா ஒலியும் ஒரே அளவில் பெரிதாவதில்லை. தாழ்ந்த ஒலியின் அலை மிக நீளமானது. வினாடிக்கு 50 அதிர்வுள்ள ஒலியின் அலை ஏழு மீற்றர் வரை நீளும். அது பெட்டியின் முகத்திலிருந்து நேரே போவதில்லை. வெள்ளம் மரத்தைச் சுற்றுவதுபோலப் பெட்டியைச் சுற்றிப் பின்புறமும் பரவும். பின்சுவர் அதனைத் திருப்பி அனுப்பும். பக்கச் சுவரும் நிலமும் சேர்ந்தால் மேலும் மிகும். மட்டக்களப்புக் கூத்தை அறிந்தவருக்கு இதனை எளிதில் விளக்கலாம். அண்ணாவியாரின் மத்தளத்தில் ஒரு முகம் வலந்தலை, மற்றது தொப்பி. வலந்தலையில் விழும் விரலடி கணீரென்று தனித்தனியே தெறிக்கும். தொப்பி முழங்கும். மூலையில் வைத்த பெட்டியில் தொப்பியின் முழக்கம் மார்கழிப் பனிபோலக் கூடமெங்கும் பரந்து, வலந்தலையின் அடியையும் பாட்டின் சொல்லையும் மூடிவிடுகிறது. இதற்கு மருந்து, பெட்டியைப் பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்து, பக்கச் சுவரிலிருந்து அதனினும் வேறுபட்ட அளவு தள்ளிவைத்தலே. இரு தொலைவும் ஒன்றாக இருந்தால் இரு சுவர்களின் குற்றமும் ஒரே சுரத்தில் வந்து குவியும்.

கேட்பவரும் பின்சுவரிற் சாய்ந்து அமர்தல் ஆகாது. அறையின் நட்டநடுவும் ஆகாது. பன்னிரண்டடி நீளக் கூடத்தில் 48 அதிர்வு அளவிலான ஒலி ஒன்று இரு சுவர்களுக்கிடையே ஊஞ்சல்போல ஆடும். சுவரருகே அது மிகும், சரிநடுவில் செத்துப்போகும். ஆதலால் பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் உள்ள கூடமாயின், குறுகிய சுவரின் பக்கம் இரண்டடி விட்டுப் பெட்டிகளை வைத்து ஆறடிக் கயிற்றைப் பிடித்தால், கேட்பவர் அச்சுவரிலிருந்து ஏழடிக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் அமர்வார். நடுவும் இல்லை, சுவரும் இல்லை. பக்கச் சுவருக்கு இருபுறமும் இரண்டடிதான் மிஞ்சும். பின்சுவருக்கும் அதே இரண்டடி என்பதால், முன்சொன்ன வேறுபாட்டுக்காகப் பெட்டியை அரையடி கூட முன்னே இழுத்தால், பாயும் அரையடி பின்னே செல்லும். அத்துணையே.

சுவரைப்பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. களிமண் சுவரும், சாணம் மெழுகிய நிலமும், கிடுகுக் கூரையும் கொண்ட பழைய வீட்டில் பேசிய சொல் பேசிய இடத்தில் அடங்கும். கிடுகு ஒலியை உண்ணும் இயல்புடையது. போர் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் எழுந்த வீடுகள் வேறு வகை. இந்திய உதவித் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 550 சதுர அடியில் அமைந்த வீடுகளை எடுத்துக்கொண்டால், சீமெந்துத் தரை, பூசிய சுவர், கடினமான கூரை. உறுதியிலும் பாதுகாப்பிலும் பழைய வீட்டுக்கு இவை எவ்வளவோ மேல். ஆனால் ஒலிக்கு அங்கே ஒதுங்க இடமில்லை. கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினால், அந்தத் தட்டு சுவருக்குச் சுவர் தாவித் தேய்வதைக் கேட்கலாம். பாட்டின் ஒவ்வொரு எழுத்துக்கும் அதே கதிதான்.

இந்தத் துன்பத்தை முதன்முதலில் அளந்து ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்து வொலஸ் சபீன். 1895ஆம் ஆண்டளவில் அங்கே புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபமொன்றில் ஆசிரியர் கூறிய சொல் ஐந்து வினாடிக்கு மேலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மாணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சபீன் இரவுதோறும், ஊரடங்கிய நேரத்தில், அயலிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கினார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைந்தது. அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததே கட்டட ஒலியியல் என்னும் துறை. 1900இல் திறந்த பொஸ்ரன் இசை மண்டபம் அவருடைய ஆலோசனையில் அமைந்தது.

கரடியனாற்றுக் குடும்பம் மெத்தை தேடி அலைய வேண்டியதில்லை. நிலத்தில் விரித்த பாய் கொஞ்சம் உதவும். பாயின்மேல் தடித்த விரிப்பு இன்னும் உதவும். பெட்டிக்கும் கேட்பவருக்கும் இடையே, பக்கச் சுவரில் ஒலி பட்டுத் தெறிக்கும் இடத்தில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் பழைய சேலைத் திரையும் நல்லது. அதனினும் நல்லது நெல் மூடை. பெரும்போக அறுவடை முடிந்து கூடத்தின் பின்புறத்தில் மூடைகளை அடுக்கியிருக்கும் நாள்களில் அதே செற்றின் பாட்டு தெளிவாக இருப்பதையும், மூடை விலையாகிப் போனதும் வீடு மீண்டும் முழங்குவதையும் கவனித்துப் பார்க்கலாம். சாக்கும் அதற்குள்ளிருக்கும் நெல்லும் ஒலியை ஓரளவு விழுங்கிவிடுகின்றன. விலை நல்லதாக வரும்போது நெல்லை விற்காமல் வைத்திருக்கும்படி இதனால் எவருக்கும் சொல்ல முடியாது.

இனி உயரம். பெட்டியோடு வரும் குறிப்பேட்டில் சிறிய ஒலிபெருக்கி, அதாவது ட்வீட்டர், செவியின் உயரத்தில் இருத்தல் வேண்டும் என்று எழுதியிருக்கும். படத்தில் ஒருவர் மெத்தைக் கதிரையில் அமர்ந்திருப்பார். அவருடைய செவி நிலத்திலிருந்து மூன்றரை அடிக்கு மேல். பாயிலே சம்மணமிட்டு அமர்பவரின் செவியோ இரண்டரை அடியில் இருக்கும். இந்த ஓரடி வேறுபாட்டைக் குறிப்பேடு எழுதியவர் எண்ணவில்லை. எண்ணவேண்டிய தேவையும் அவருக்கு இருந்திராது. பாயில் அமர்ந்து கேட்கும் வீட்டில் அலுமாரியின் உச்சி, செவிக்குரிய இடத்திலிருந்து நான்கடி மேலே போய்விடுகிறது. தாழ்ந்த ஒலிக்கு இதனால் நட்டமில்லை; அது எங்கும் பரவும். வினாடிக்குப் பத்தாயிரம் அதிர்வுள்ள ஒலியின் அலையோ மூன்றரைச் சென்ரிமீற்றர் தான். ரோச் வெளிச்சம்போல முகம் நோக்கிய திசையிலே செல்லும். தலைக்கு மேலே சென்றால் சென்றதுதான்.

இவ்வாறு தலைக்கு மேலே செல்வது என்ன என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. பேச்சில் உயிரெழுத்தின் வலிமை தாழ்ந்த ஒலிகளில் அடங்கியிருக்கிறது. மெய்யெழுத்தின் அடையாளமோ, சிறப்பாக வல்லினத்தின் வெடிப்பும் சகரத்தின் உரசலும், உயர்ந்த ஒலிகளிலேயே பெரிதும் உள்ளது. ‘படி’, ‘கடி’, ‘தடி’ மூன்றுக்கும் வேறுபாடு முதலெழுத்தின் மெய் ஒன்றே. அது குறைந்தால் சத்தம் குறையாது, பொருள் மறைந்துவிடும். முதுமையில் மனிதன் முதலில் இழப்பதும் இந்த உயர்ந்த ஒலிகளையே. ‘சத்தம் கேட்குது, சொல்லுறது விளங்குதில்லை’ என்று வீட்டுப் பெரியவர் கூறும்போது, பிள்ளைகள் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். கூடுவது தொப்பியின் முழக்கமே. பெரியவர் இன்னும் குழம்புகிறார். காது மந்தம் என்று அவரை விட்டுவிட்டு வீட்டார் தங்கள் அலுவலைப் பார்க்கின்றனர்.

இலங்கை வானொலியின் மரண அறிவித்தலுக்காக ஊர் முழுதும் செவி சாய்த்திருந்த காலத்தை நேயர் பலர் அறிவர். பெயர், பிறந்த ஊர், யாருடைய பிள்ளை, யாருடைய கணவர், தகனம் எங்கே, எத்தனை மணிக்கு. இவை ஒருமுறை விரைந்து வாசிக்கப்படும். அதிலே ஓர் எழுத்துத் தவறிக் கேட்டால், போகவேண்டிய சாவீட்டுக்குப் போகாமலிருக்க நேரும். அல்லது உயிரோடிருப்பவருக்காக ஒப்பாரி எழும். இத்தகைய செய்தியை அதிகம் தேடிக் கேட்பவர் யார்? வீட்டின் மூத்தவரே. அவர் எங்கே அமர்ந்திருக்கிறார்? விறாந்தையில், வாசற்படியருகில், பெட்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டு! கூடத்தின் நடுவிலே, கயிறு காட்டிய இடத்தில், காது கூர்மையான இளைஞர் சாய்ந்திருக்கிறார்.

அந்த இடத்தை மூத்தவருக்கு விட்டுக்கொடுத்து, பெட்டிகளை இரண்டரை அடி உயரத்துக்கு இறக்கினால், முன்பிருந்த சத்தத்தைவிடக் குறைந்த சத்தத்திலேயே அவருக்குச் சொல் விளங்கும் வாய்ப்பு உண்டு. மரப்பெட்டியோ சீமெந்துக் கல்லோ தாங்கியாக இருக்கலாம்; அசையாதிருந்தால் சரி. தாழ்த்த இயலாவிடின் பெட்டியின் பின்புறத்தில் சிறு மரத்துண்டைச் செருகி, முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்துவிடலாம்.

வைத்தது சரியா என்று அறிய இசை வேண்டியதில்லை. செய்தி வாசிப்பவரின் குரலே நல்ல சோதனை. அக்குரல் இரு பெட்டிக்கும் ஒன்றாகவே செல்கிறது. குறித்த இடத்தில் கண்ணை மூடி அமர்ந்தால் குரல் நடுவெளியில், ஒரு மனிதர் வாயின் அளவுக்குச் சுருங்கி நிற்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், கயிற்றை மறுபடி பிடித்துப் பார்க்க வேண்டும். எங்குமில்லாது தலையைச் சுற்றிப் படர்ந்து, தடிப்பும் இழந்து கேட்டால், ஒரு பெட்டியின் கம்பிகள் சிவப்பும் கறுப்பும் மாறிப் பூட்டப்பட்டிருக்கின்றன. அப்போது ஒரு பெட்டி காற்றைத் தள்ளும் வேளையில் மற்றது இழுக்கும்; தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். மாற்றிப் பூட்டினால் குணமாகும். இக்காலத்தில் கையடக்கமாக வரும் புளூடூத் பெட்டிகளில் ஸ்டீரியோ என்று எழுதியிருப்பதையும் இந்தச் சோதனையாலேயே மதிப்பிடலாம். இரண்டு ஒலிபெருக்கியும் ஒரு சாண் இடைவெளிக்குள் இருக்கையில், பத்தடி தள்ளி அமர்ந்தவருக்கு இடமென்றும் வலமென்றும் ஒன்றுமில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, ஸ்டீரியோவின் ஒரு குறையையும் சொல்லவேண்டும். அஃது ஒருவருக்கு நீதி செய்யும், பலருக்குச் செய்யாது. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வட்டக் களரியில் நடப்பவை. நடுவிலே அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும் பிற்பாட்டும், சுற்றிலும் ஊர். ஆடுவோர் சுழன்று ஒவ்வொரு பக்கத்துக்கும் முகங்காட்டுவர். அங்கே சிறந்த இருக்கை என்று ஒன்றில்லை. 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ கூத்தை ஒருமுக மேடைக்குக் கொணர்ந்தபோது, சுற்றியிருந்த சபை ஒரு பக்கமாகத் திரும்பி அமர்ந்தது. வீட்டு ஸ்டீரியோவும் அந்த மேடையைப் போன்றதே; அதனினும் ஒடுங்கியது. எட்டுப் பேர் கூடியிருக்கும் கூடத்தில் ஒருவர் தலைக்குத்தான் அந்த முக்கோணம் பொருந்தும்.

ஆதலால் தனியே அமர்ந்து இசை கேட்பவர் கயிற்றை எடுக்கட்டும். எல்லாரும் கூடிக் கேட்கும் வேளையில் செற்றில் மோனோ என்னும் விசை இருந்தால் அதனை அழுத்திவிடுவதே மேல். இரு பெட்டிகளும் ஒன்றையே பேசும், எந்த மூலையிலிருப்பவருக்கும் பாட்டின் பாதி போய்விடாது. பழைய கூத்துப் பதிவுகளுக்கும் இதுவே பொருத்தம். இரவில், களரியோரத்தில், சிறிய ஒலிப்பதிவுக் கருவியொன்றைக் கையிற் பிடித்து எடுத்த நாடாக்கள் பல வீடுகளில் இருக்கின்றன. பாடிய அண்ணாவியாரிற் பலர் இன்று இல்லை. அந்த நாடாவில் இடமும் வலமும் பதிவாகவில்லை. பதிவானது ஒரு குரலும் ஒரு மத்தளமும், சுற்றி நின்றவர்களின் இரைச்சலும். அதற்கு ஒரு பெட்டியே போதும். சுவரை விட்டு இரண்டடி முன்னே இழுத்து, கேட்பவரின் செவி உயரத்தில் வைத்து, அவரை ஐந்தடிக்குள் அமர்த்தி, தாழ்ந்த ஒலியைக் கூட்டும் விசையைச் சிறிது குறைத்தால், இரைச்சலுக்கு நடுவிலே பாட்டின் சொல் எழுந்து வரும்.